புலியை எங்கே கொண்டுபோய் விடுவது?



காட்டுப் புலி ஒன்று ஆளை அடித்துவிட்டது என்று செய்தி வந்தால் போதும், "பிடித்து வேறு காட்டில் விட வேண்டியதுதானே?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நியாயமான கேள்விதான். எந்தக் காட்டில் என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் வராது.

2021-இல் நீலகிரியை உலுக்கிய டி23 புலியை மறந்திருக்க மாட்டீர்கள். கூடலூர், மசினகுடி பகுதிகளில் நான்கு பேரின் சாவுக்கு அதுவே காரணம் என்றார்கள். இறந்தவர்களில் மாடு மேய்க்கப் போனவர்களும் உண்டு. அக்டோபர் முதல் தேதி தலைமை வன உயிரினக் காப்பாளர் வேட்டைக்கு உத்தரவிட்டார். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எடுத்தவுடன் சுட்டுவிடாதீர்கள், உயிரோடு பிடிக்கப் பாருங்கள் என்றது நீதிமன்றம்.

உயிரோடு பிடிப்பது லேசுப்பட்ட வேலையா? முதுமலைப் பக்கம் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும். பத்தடி தூரத்தில் புலி படுத்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கும்கி யானைகள், மோப்ப நாய்கள், ட்ரோன்கள் என்று 21 நாள் தேடினார்கள். ஒருநாள் இரவு மயக்க ஊசி பட்டும் புலி புதருக்குள் ஓடி மறைந்துவிட்டது. ஊசி பட்டதும் புலி சுருண்டு விழுவது சினிமாவில்தான். மருந்து ஏறச் சில நிமிடம் பிடிக்கும். வலியும் கோபமுமாக இருக்கிற மிருகத்தின் பின்னால் அத்தனை நேரமும் ஆட்கள் போக வேண்டும். மறுநாள், அக்டோபர் 15-ஆம் தேதி, டி23 பிடிபட்டது. உடம்பெல்லாம் காயம்.

அதை எந்தக் காட்டிலும் விடவில்லை. மைசூருக்கு அருகே கூர்கள்ளியில் உள்ள மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். இடமாற்றம் என்று பேச்சுக்குச் சொல்லலாம். உண்மையில் அது ஆயுள் தண்டனை. இருந்தாலும் அந்த முடிவு சரியானதுதான் என்பது என் கருத்து. காயம்பட்டு, வேட்டையாடும் வலு குறைந்த கிழப்புலியை இன்னொரு காட்டில் விட்டால், அந்தக் காட்டை ஒட்டிய ஊரார் என்ன பாவம் செய்தார்கள்?

சரி, புலி இல்லாத காட்டில் விடலாமே என்பீர்கள். கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் பச்சைப் பசேலென்று இருக்கிறது. இன்று அங்கே புலியும் கிடையாது. அங்கே விட்டால் என்ன? அங்குள்ள தேவனூர் நாட்டுப் பகுதியில் ஒரு நாள் நடந்து பாருங்கள். சோலைக்குப் பக்கத்திலேயே மிளகுக்கொடி ஏறிய மரங்கள், காப்பித் தோட்டம், மரவள்ளிக்காடு, நடுநடுவே வீடுகள். புலி இறங்கிய முதல் வாரமே மான் கிடைக்காமல் மாட்டுத்தொழுவத்தைத் தேடி வரும். புலி இல்லாத காடு என்பதாலேயே அது புலிக்கு ஏற்ற காடு ஆகிவிடாது. புலி இருக்கிற காட்டிலோ வேறு தொல்லை: ஏற்கெனவே குடியிருக்கும் புலி வந்தேறியை அடித்துத் துரத்தும். 2006-இல் 76-ஆக இருந்த தமிழ்நாட்டுப் புலிகள் 2022 கணக்கெடுப்பில் 306. காலி மனை அதிகம் இல்லை.

மகாராஷ்டிரத்து ஜுன்னர் பகுதியில் சிறுத்தைகளை இப்படித்தான் பிடித்துப் பிடித்துக் காட்டில் விட்டார்கள். ஆண்டுக்குச் சராசரி 4 தாக்குதல் என்று இருந்தது, 2001-க்குப் பிறகு 17-ஆக ஏறியது. காட்டுயிர் ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் ஆராய்ந்து வெளியிட்ட கணக்கு இது. ஒடிசாவின் சத்கோசியாவிலோ, எந்தக் குற்றமும் செய்யாத புலிகளையே 2018-இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து கொண்டுவந்தார்கள். ஆண் புலி மகாவீர் சில மாதங்களில் செத்துக் கிடந்தது. கண்ணியில் சிக்கியதாகச் சொன்னார்கள். சுந்தரி என்ற பெண் புலியின் மேல் மனிதக் கொலைப் பழி விழுந்து, கிராமத்தார் கொதித்தெழுந்தார்கள். கூண்டில் கிடந்து, 2021-இல் சொந்த மாநிலத்துக்கே திரும்பியது சுந்தரி. புலியை ஏற்றி அனுப்பத் திட்டம் போட்டவர்கள், அது இறங்கப்போகிற ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை ஒழுங்காகப் பேசியிருக்க வேண்டும்.

பிடித்து இடம் மாற்றுவது கைகொடுக்காது என்றால், மோதல் முற்றும் முன்பே தடுக்க வேண்டும். ஆகவே என் கவனமெல்லாம் புலி அடிக்கும் முதல் மாட்டின் மேல்தான். 2023 செப்டம்பரில் நீலகிரி எமரால்டு பக்கம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. மாட்டைப் பறிகொடுத்த ஒரு விவசாயி, அந்த மாட்டின் உடலிலேயே விஷம் வைத்தார் என்று கைதானார். அவர் செய்தது குற்றம். ஆனால் மாடு செத்த அன்றே வனக்காப்பாளர் வீடு தேடி வந்து, நிவாரணப் பணமும் அலையவிடாமல் கைக்கு வரும் என்ற நம்பிக்கை இருந்தால், விஷப் புட்டியைத் தேடுகிறவர்கள் குறைவார்கள். எந்தப் புலி ஊரைச் சுற்றுகிறது என்ற தகவலும் வனத்துறைக்கு முன்கூட்டியே கிடைக்கும். கூண்டுக்கும் கும்கிக்கும் ஒதுக்குவதற்கு முன்னால் இதற்குப் பணம் ஒதுக்குங்கள் என்று வனத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். மேய்ச்சலுக்குப் போகும் நேயர்களே, இருட்டும் முன் மாட்டைத் தொழுவத்தில் அடைத்துக் கதவைப் போட்டுவிடுங்கள்.