மருத்துவ வழக்குக்கு வக்கீல் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

(நமது சங்கக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



பெரிய ஆபரேஷன் என்றால் காங்கேயத்திலிருந்து நாம் கோயமுத்தூருக்கோ ஈரோட்டுக்கோ போகிறோம். அங்கே தவறு நடந்தால் அந்த ஊரிலேயே வக்கீல் பிடித்து அலைய வேண்டும் என்று பலர் நினைத்து, விட்டுவிடுகிறார்கள். அது தேவையில்லைங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நமக்குத் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை ரூ.50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே போதும். ரூ.5 லட்சம் வரை புகார்க் கட்டணமே கிடையாது.

ஆனால் காலக்கெடு 2 வருடம்தான். பேசித் தீர்க்கலாம் என்று ஆஸ்பத்திரி இழுத்தடிக்கும்போதும் அந்த நாட்கள் கழிந்துகொண்டேதான் இருக்கும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். அதை நம்பி உட்கார வேண்டாம்.

வக்கீலைப் பார்க்கும் முன் ஃபைலை வாங்குங்கள். கேஸ் ஷீட் கேட்டு எழுத்தில் கொடுத்தால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதி. உள்நோயாளி ஆவணங்களை 3 வருடம் வைத்திருக்கவும் அதே விதி சொல்கிறது. கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.

ஆவணத்தின் பலம் என்ன என்பதற்கு ஒரு வழக்கு சொல்கிறேன். 1996-ல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-வது வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். குறைப்பிரசவக் குழந்தைக்குச் செய்ய வேண்டிய விழித்திரைப் பரிசோதனை செய்யப்படவில்லை. பார்வை போய்விட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியில் பெற்றோருக்கு அதுபற்றி எச்சரிக்கையே இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் கவனித்தது. 2009-ல் தேசிய ஆணையம் கொடுத்தது ரூ.5 லட்சம். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் ரூ.1.8 கோடியாக உயர்த்தியது. ஆனால் அதற்குள் 19 வருடம் போய்விட்டது.

இனி வக்கீல். கண்ணபுரம் சந்தையில் மாடு வாங்கினால்கூட பல்லைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம். வக்கீலிடம் நாலு கேள்வி கேட்பதில் தப்பில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மருத்துவ வழக்கு நடத்தியிருக்கிறீர்களா? ஃபைலைப் படித்துக் கருத்துச் சொல்ல டாக்டர் யாராவது உண்டா? ஆணையத்தில் நீங்களே நிற்பீர்களா, ஜூனியரா? மொத்தச் செலவு எவ்வளவு, எப்போது எப்போது கட்ட வேண்டும்?

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் இணையத்தில் "நம்பர் ஒன்" என்று வருவதை நம்பாதீர்கள். ஏற்கெனவே வழக்கு நடத்தியவர்களிடம் கேளுங்கள். நம் ஊர் சிவில் வக்கீலிடமே யார் பொருத்தம் என்று விசாரியுங்கள். "ஜெயித்தால் கிடைப்பதில் இத்தனை சதவீதம்" என்று ஃபீஸ் பேசுவதும் விதிப்படி தப்பு. அப்படிக் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாலும் ஒரிஜினல் ஆவணங்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், நகல் மட்டும் கொடுங்கள்.

பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் தவறு நடந்தாலும் நுகர்வோராக வழக்குப் போடலாம் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் முழுக்க இலவசமான சிகிச்சை என்றால் வழி வேறு. அதை வக்கீலிடம் முதலிலேயே கேளுங்கள். வசதி இல்லாதவர்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். உதவி எண் 15100.

கடைசியாக, சிகிச்சை பலிக்காதது எல்லாம் கவனக்குறைவு ஆகாதுங்க. சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் செய்ய வேண்டியதைச் செய்தாரா என்பதுதான் கேள்வி. கிரிமினல் வழக்குக்கு இன்னும் பெரிய தவறு நிரூபணமாக வேண்டும் என்பது 2005 தீர்ப்பு. ஆகவே, ஃபைலைப் படித்துவிட்டு "இதில் கேஸ் இல்லைங்க" என்று நேராகச் சொல்லும் வக்கீல் கிடைத்தால், அவர் நம்பரை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.