அல்லிராணி கோட்டையும் ஒரு பிரபுப் பட்டமும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் பேச வந்தால் நீரிழிவுதான் என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்குத் தப்பிவிட்டீர்கள்.

நாங்கள் படித்தது யுத்த காலம். அரிப்பில் உள்ள அல்லிராணி கோட்டையை அம்மம்மா சொன்ன கதையில்தான் தெரியும். வேலைக்கு வந்தபின், சிலாவத்துறையில் கிளினிக் முடித்துத் திரும்பும்போதுதான் முதன்முதலில் பார்த்தேன். கடலோரத்தில் உடைந்த சுவர்களும் தூண்களும் நின்றன.

உண்மையில் அதைக் கட்டுவித்தவர் ராணியல்ல. இலங்கையின் முதல் பிரித்தானியத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும்போது தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டினார். கிரேக்கப் பித்துப் பிடித்த மனிதர். தூண்கள் டோரிக் பாணியில் அமைந்ததால் அவர்கள் வீட்டையே 'டோரிக்' என்றார்கள். அமெரிக்காவை இழந்த பிரதமர் நோர்த் பிரபுவின் கடைசி மகன் இவர்.

குடும்பச் சின்னம் நீலக் கேடயம். நடுவில் பொன்னிறச் சிங்கம் நடக்கிறது. சுற்றி மூன்று வெள்ளி லில்லிப் பூக்கள். லில்லிக்காரர் கட்டிய வீட்டுக்கு எங்கள் சனம் அல்லியின் பெயரை வைத்தது தற்செயல்தான், ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கேடயத்தின் கீழே, நற்குணம் ஒன்றே மேன்மை என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். பட்டமோ ஆண்வழியில்தான் போகும். 1752இல் இவருடைய பாட்டனாருக்குக் கிடைத்தது கில்போர்ட் ஏர்ல் பட்டம். 1802இல் மூத்த அண்ணன், மூன்றாவது ஏர்ல், மூன்று பெண் பிள்ளைகளை விட்டு இறந்தார். பட்டம் பிள்ளைகளைத் தாண்டி அடுத்த தம்பிக்குப் போனது. அவரும் இறக்க, 1817இல் எங்கள் பிரடெரிக் ஐந்தாவது ஏர்ல் ஆனார். மணமாகாமல் 1827இல் இறந்தார். பிறகு ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவருக்குப் போனது.

அதே குடும்பத்தில் 1554இல் கிடைத்த நோர்த் பாரன் பட்டம் பெண்களுக்கும் போகலாம். ஆனால் சகோதரிகள் பலர் இருந்தால் எல்லோருக்கும் சம உரிமை. ஆகவே ஒருவருக்கும் இல்லை! மூன்று பேரில் இருவர் இறந்தபின், 1841இல்தான் சூசன் என்ற மகள் அதைப் பெற்றார். முப்பத்தொன்பது வருடக் காத்திருப்பு. பிள்ளைகள் எல்லோருக்கும் சீதனக் காணி பிரித்து எழுதிய எங்கள் அம்மம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரு பின்னேரத்தில் முடித்திருப்பார்.

மாளிகையின் கடற்பக்கம் அரித்து விழுகிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் கொஞ்சம் குறைந்திருப்பதாகவே படுகிறது. வெளிநாட்டில் இருக்கும் அக்காமாரே, உங்கள் வீட்டு அல்பங்களில் அரிப்பின் பழைய படங்கள் இருக்கக்கூடும். பின்னால் வருடத்தை எழுதி, ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்துக்கு அனுப்புங்கள். இந்த வருடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகக் கேட்டிருக்கிறேன். கையில் அந்தப் படங்களோடு போனால், விழுந்த சுவர் எது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.