சாணி உருட்டும் வண்டு



கரையாம்புத்தூர் பக்கம், மழை விட்ட மறுநாள் மாடு மேய்ந்த தரிசில் நடந்தால், கறுப்பு வண்டு ஒன்று சாணி உருண்டையைத் தள்ளிக்கொண்டு போவதைக் காணலாம். அருவருப்போடு ஒதுங்கிப் போகிறோம். எறும்பைப் பார்க்கச் சொன்ன நீதிமொழிகள் நூலும் இதைச் சொல்லவில்லை. ஆனால் 4-ஆம் நூற்றாண்டில் மிலான் ஆயராக இருந்த புனித அம்புரோஸ், லூக்கா நற்செய்திக்கு எழுதிய விளக்கத்தில், சிலுவையில் தொங்கிய ஆண்டவரையே வண்டுக்கு ஒப்பிடத் தயங்கவில்லை.

இந்த வண்டின் உறவு ஒன்று தென்மேற்கு ஆப்பிரிக்காவில், நமீப் பாலைவன மணல்மேடுகளில் வாழ்கிறது. பெயர் பாக்கிசோமா. அதற்குப் பறக்க முடியாது. மற்ற வண்டுகள் தலைகீழாக நின்று பின்னோக்கி உருட்டும். இதுவோ முதலில் மணலில் வளை தோண்டிவிட்டு, காய்ந்த புழுக்கையையும் சருகையும் பின்னங்கால்களால் பற்றி, முன்னோக்கி நடந்தே இழுத்து வரும். ஒரு நடை அல்ல, பல நடை. மேலே மணல் கொதிக்கிறது, அடியில் ஈரம் இருக்கிறது. அந்த ஈரத்தில் புதைத்த காய்ந்த இரை ஊறி உணவாகிறது.

நம் ஊர் வண்டுக்கு அவ்வளவு பாடு இல்லை, பசுஞ்சாணி தாராளம். அது சாணியை மண்ணுக்குள் இறக்குவதால் ஈ பெருக இடம் குறைகிறது, மழைநீர் இறங்குகிறது, எரு கூலியில்லாமல் வேருக்குப் போகிறது. ஆஸ்திரேலியாவுக்கு 1788-இல் மாடுகள் போயின. அங்கிருந்த வண்டுகள் கங்காருப் புழுக்கைக்குப் பழகியவை. மாட்டுச்சாணி மேய்ச்சல் நிலத்தில் காய்ந்து கிடந்தது, ஈ மொய்த்தது. 1960-களின் கடைசியில் வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நமக்குச் சும்மா கிடைப்பதற்கு அவர்கள் காசு செலவழித்தார்கள்!

குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் மாடுகளுக்கு ஐவர்மெக்டின் ஊசி போடுகிறோம். நல்ல மருந்துதான், அந்தக் கண்டுபிடிப்புக்கு 2015-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் மருந்தின் பெரும்பகுதி சாணத்தோடு வெளியே வருகிறது. ஊசி போட்ட சில வாரங்கள்வரை அந்தச் சாணியில் வண்டின் புழுக்கள் பிழைப்பது கடினம். தாய் வண்டு வழக்கம்போலவே உருட்டிப் புதைத்து முட்டையிடும். அடுத்த தலைமுறை வெளியே வராது.

மாடு நோயில் மெலியட்டும் என்று யாரும் சொல்லவில்லை. எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில் போடாமல், சாணியைப் பரிசோதிக்கக் கொடுத்து, கால்நடை மருத்துவர் சொல்லும் மாட்டுக்கு மட்டும் போடுவோம். போட்ட மாட்டைச் சில வாரம் கொட்டிலில் கட்டி, சாணியைத் தனிக் குழியில் கொட்டுவோம். கறவை மாடாக இருந்தால், எத்தனை நாள் அதன் பாலை எடுக்கக் கூடாது என்பதையும் மருத்துவரிடம் அப்போதே கேட்டுக்கொள்வோம்.