எல்லையில்லா வலையும் எல்லையுள்ள சட்டமும்



மண்ணில் அரசில்லாத இனத்திற்கும் இணையத்தில் அரசுண்டு என்று ஆறுதல் கூறுவார் தமிழரிடையே பலர். அவ்வாறுதல் பொன்னா, பித்தளையா என்பதைச் சட்ட அறிஞரின் ஆய்வுகளில் உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

1996-இல் சான் பெரி பார்லோ என்னும் அமெரிக்கர், தாவோசு நகரிலிருந்து இணையவுலகின் விடுதலையை அறிவித்தார். அரசுகளுக்கு அங்கே ஆட்சியில்லை என்றார். அதே ஆண்டில் தேவிட்டு சான்சன், தேவிட்டு போசுட்டு எனும் சட்ட அறிஞர் இருவர், நிலவெல்லையை அடியாகக் கொண்ட சட்டம் இணையத்திற்குப் பொருந்தாது என எழுதினர். 1998-இல் சேக் கோல்டுசுமித்து அதனை மறுத்தார். கணினியின்முன் அமர்ந்திருப்பவன் ஏதோவொரு மண்ணில்தான் அமர்ந்திருக்கின்றான். அவன் செயலின் விளைவும் ஏதோவொரு மண்ணில்தான் விழுகின்றது என்பதே அவர் கூற்றின் பிழிவு.

எவர் கூற்று வென்றது? பாரிசு வழக்குமன்றம் விடை கூறிற்று. யாகூ குழுமத்தின் ஏலத்தளத்தில் நாசிச் சின்னங்கள் விலைக்கு வந்தன. அவற்றைக் காட்சிக்கு வைத்தல் பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம். இனவெறி எதிர்ப்பு அமைப்பொன்றும் யூத மாணவர் அமைப்பொன்றும் வழக்குத் தொடுத்தன. வருவோர் எந்நாட்டார் என அறிய வழியில்லை என்றது யாகூ. ஆனால், பிரான்சிலிருந்து வருவோர்க்குப் பிரெஞ்சு மொழியில் விளம்பரங் காட்டியதும் அதே குழுமந்தான்! விற்பனைக்குத் தெரிந்த நாடு, சட்டத்திற்கு மட்டும் தெரியாமற் போயிற்றாம்! வருவோருள் நூற்றுக்கு 70 பேரளவில் நாடறிய இயலும் என்றனர் வல்லுநர். 2000 நவம்பர் 20-இல் மன்றம் ஆணையிட்டது: மூன்று திங்களுள் தடுத்தல் வேண்டும், தவறின் நாளொன்றுக்கு 1,00,000 பிராங்கு தண்டம். 2001 சனவரியில் அப்பொருள்களை ஏலத்தினின்று நீக்குவதாக யாகூ அறிவித்தது. அவ்வாணை தங்கள் மண்ணில் செல்லாதென அமெரிக்க மன்றமொன்று அவ்வாண்டிறுதியில் கூறிய தீர்ப்பும் மேன்முறையீட்டில் நிலைக்கவில்லை. 2006-இல் யாகூவின் வழக்கே தள்ளப்பட்டது.

அதே ஆண்டில் கோல்டுசுமித்தும் திம் வூவும் எழுதிய நூல் இதன் நுட்பத்தை விளக்கிற்று. அரசு, தொலைவிலுள்ளவனைத் துரத்த வேண்டியதில்லை. தன் மண்ணிலுள்ள கம்பியையும் வைப்பகத்தையும் அலுவலகத்தையும் பிடித்தாற் போதும்.

அங்ஙனமாயின் அரசில்லா மொழியினத்தின் நிலை யாது? கத்தலான் மக்களைக் காண்க. 2005-இல் அவர்தம் மொழிக்கும் பண்பாட்டிற்குமென '.கேட்' எனும் ஆள்களப் பெயர் ஏற்கப்பட்டது. நாட்டின் பெயராலன்று, மொழியின் பெயரால் பெற்ற பேறு அது! ஆயினும், 2017 செபுத்தம்பர் 20-இல், பொதுவாக்கெடுப்பிற்குப் பதினொரு நாள் முன்னர், இசுபெயின் காவற்படை பார்சிலோனாவில் அதன் அலுவலகத்துள் புகுந்து தேடிற்று. பெயர் உலகப் பட்டியலில் இருந்தது. அலுவலகமோ இசுபெயின் சட்டத்தின் கீழ் இருந்தது.

தமிழெழுத்தில் '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என ஆள்களப் பெயர்கள் உள்ளன. மூன்றும் அரசுகளின் பெயர்களே. தமிழின் பெயரால் அமைந்தனவல்ல.

எனவே, இணையமே தமிழர்க்கு நாடு என்று கண்ணயர்தல் பேதைமை. தமிழ் வழக்கறிஞர் இச்சட்டங்களைக் கற்றல் வேண்டும். கற்றதைத் தமிழில் எழுதல் வேண்டும். தமிழ்ச் செல்வங்களை ஓரரசின் கைப்பிடியில் மட்டும் வையாது, பல நாடுகளில் படியெடுத்துக் காத்தல் வேண்டும். வலைக்கு எல்லையில்லை எனலாம். வலையைக் கட்டிய முளைகள் மண்ணில்தான் அடிக்கப்பட்டுள்ளன. அம்மண்ணில் உரிமையில்லார்க்கு வலையிலும் உரிமை நிலையாது.

வெல்க தமிழ்!