அரசர் போன நாள்

(குடியரசு நாள் கொடியேற்றத்துக்குப் பிறகு நம் வளாகத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகள் மிட்டாய்க்காகக் காத்திருப்பதால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

1947 ஆகஸ்ட் 15-லேயே சுதந்திரம் வந்துவிட்டது. பிறகு ஜனவரி 26 எதற்கு? 1950 ஜனவரி 26 வரை சட்டப்படி நம் நாட்டுக்கு அரசர் ஆறாம் ஜார்ஜ்தான். நம் ராஜாஜிகூட அவருடைய பிரதிநிதியாகத்தான் கவர்னர் ஜெனரலாக இருந்தார். அரசர் என்ற பதவியே நமக்கு இல்லாமல் போன நாள் இது.

"வெள்ளைக்காரன் ஆட்சியே தேவலை" என்று காலை நடைப்பயிற்சியில் சில நண்பர்கள் சொல்வதுண்டு. ராயபுரம் ரயில் நிலையத்தையும் பக்கிங்ஹாம் கால்வாயையும் காட்டுவார்கள். ரயில் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது உண்மைதான். கால்வாயின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நகருக்குள் ஓடும் கால்வாய்ப் பகுதி அப்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. இப்படிப்பட்ட நிவாரண வேலைகளில் ஓர் ஆளுக்கான தினசரி தானிய அளவை ஒன்றரை பவுண்டிலிருந்து ஒரு பவுண்டாகக் குறைத்தார் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி. ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். இது போதாது என்று சென்னை சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். தானிய ஏற்றுமதிக்கோ தடையே இல்லை. அந்தப் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்ததாகக் கணிப்புகள் சொல்கின்றன.

அதே பஞ்சத்தின் நடுவில், 1877 ஜனவரி 1 அன்று, டெல்லியில் பெரிய தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார்கள்.

நான் வங்கியில் கணக்கு எழுதியவன். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். ரயில் இருந்தது, வரி வசூல் இருந்தது, நல்ல அதிகாரிகள்கூட இருந்தார்கள். பணம் கட்டியவனுக்குப் பதில் சொல்லும் கடமை மட்டும் யாருக்கும் இல்லை. பட்டினி கிடந்தவனால் வைஸ்ராயை மாற்ற முடியாது. ராணி நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே இல்லை.

இதைப் புரிந்துகொண்டவர்கள் பிறகு வந்தார்கள். முழு விடுதலையே லட்சியம் என்ற தீர்மானத்தைக் காங்கிரஸ் 1927 டிசம்பரில் நம் சென்னையில்தான் நிறைவேற்றியது. 1930 ஜனவரி 26 அன்று நாடெங்கும் எடுத்த உறுதிமொழியின் சாரம் இது: மக்களின் உரிமையைப் பறிக்கும் அரசை மாற்றவும் நீக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு. அந்தத் தேதியை நினைவில் வைத்தே குடியரசு நாளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்று எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர் பிழைப்பு கெட்டது. ஆனால் அவர்கள் கேள்வி கேட்டார்கள். பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்தது. கிடைத்தது போதாது என்று கோபப்படலாம். அந்தக் கோபத்தோடு போய் நிற்க இன்று ஓர் இடமாவது இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கப் பொதுக்குழுவில் கணக்கு வாசிக்கும்போது பாதி நாற்காலி காலி. பராமரிப்புத் தொகை கட்டுகிற எல்லோரும் வாருங்கள், கேளுங்கள். கேட்க ஆளில்லாத இடத்தில் செயலாளரும் குட்டி ராஜாவாகிவிடுவார். நம் செயலாளர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்!