கரப்பந்துக் களத்தில் ஒரு பருவம்

பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியில் பேச வந்தால் கல்வியைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோதான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. வரலாறும் தமிழும் கற்றுக் கலைப்பட்டதாரியான நான் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ கரப்பந்தாட்டம். ஆயினும் இறுதியில் நான் பேசியது கல்வியைப் பற்றித்தான் என்பதை நீங்களே காண்பீர்கள்.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வடமராட்சிக் கரையோரத்திலுள்ள எங்கள் பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அவ்விடத்துக்கு வேறொருவர் வரவில்லை. ஒருநாட் காலை மாணவியர் ஒன்பதுபேர் என் அலுவலக வாயிலில் வந்து நின்றனர். "சேர், இந்த வருடம் எங்களைப் பழக்க ஒருவரும் இல்லையா?" என்று அவர்களுள் மூத்தவள் கேட்டாள். இல்லை என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பள்ளிப் பருவத்தில் சில காலம் ஆடியவன் என்ற ஒரே தகுதியோடு, "நானே பழக்குகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

இவ்வாட்டம் பிறந்த கதை என் வயதினருக்கு ஆறுதல் தருவது. 1895ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து வை. எம். சி. ஏ. நிலையத்தில் உடற்பயிற்சிப் பொறுப்பாளராயிருந்த வில்லியம் மோர்கன் என்பவர், கூடைப்பந்தாட்டத்தின் ஓட்டத்தைத் தாங்கமாட்டாத நடுத்தர வயது வணிகர்களுக்காகவே இதனை வகுத்தார். அதே இயக்கத்தின் வழியாக 1916இல் கொழும்புக்கு வந்த இவ்வாட்டம், 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டாகப் பிரகடனம் பெற்றது.

களமும் வலையும் இருந்தால் ஆட்டம் நடந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். வலை கிழிந்து கிடந்தது. மாணவி ஒருத்தியின் தகப்பனார் கடற்றொழிலாளி. அவர் ஒரு மாலைப்பொழுதில் வந்து, தம் தொழில்வலையைப் பொத்துவது போலவே அதனையும் பொத்தித் தந்தார். வலை சீராயிற்று, அன்னையரின் அச்சம் அத்துணை எளிதில் சீராகவில்லை. பொழுதுபட்ட பின் பெண்பிள்ளைகள் தனியே வீடு திரும்புவதா என்று அவர்கள் கேட்டனர். அக்கேள்வி நியாயமானது. ஆகவே பயிற்சியை மாலையிலிருந்து காலை ஆறு மணிக்கு மாற்றினேன். ஆடையைப் பற்றிய முறைப்பாடு, முழுக்காற்சட்டை அணியலாம் என்றதும் அடங்கியது. வீடு வீடாகச் சென்றதில் எனக்கு ஒரு மாதம் கழிந்தது. அந்த ஒரு மாதம் வீணாகவில்லை. பதினைந்து ஆண்டுகளாக அதிபராயிருந்தும், என் மாணவியர் எந்த வீடுகளிலிருந்து வருகின்றனர் என்பதை அப்போதுதான் கண்டேன்.

நேயர்களே, இவ்வாட்டத்தின் விதிகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். இதில் பந்தைப் பிடித்து வைத்திருக்க எவருக்கும் உரிமையில்லை. அடுத்தடுத்து இருமுறை ஒருவரே தொடுவதும் பொதுவாகப் பிழை. மூன்று தொடுகைக்குள் பந்து வலையைக் கடந்தாக வேண்டும். ஆகவே, வந்த பந்தை அடுத்தவளுக்கு நல்ல பந்தாக்கிக் கொடுப்பதே ஒவ்வொருத்தியின் கடமை. பணிக்கும் உரிமையை வெல்லுந்தோறும் அறுவரும் ஓரிடம் சுழன்று நிற்பதால், அறைவதில் வல்லவளும் பின்வரிசைக்குச் சென்று குனிந்து பந்தை ஏந்த வேண்டும்; கூச்சமுடையவளும் தன் முறை வரும்போது ஊரெல்லாம் பார்த்திருக்கத் தனியே நின்று பந்தைப் பணிக்க வேண்டும்.

என் இளமைக் காலத்தில் பந்தைப் பணிக்கும் அணிக்கு மாத்திரமே புள்ளி கிடைக்கும். பணித்த பந்து வலையில் மோதினால் உரிமை கைமாறுமே தவிர, எதிரணியின் கணக்கு ஏறாது. 1990களின் இறுதியில் அவ்விதி மாறிற்று. இப்பொழுது ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி உண்டு. ஒருத்தி பிழைவிட்ட அக்கணமே அது எதிரணியின் புள்ளியாகப் பலகையில் ஏறிவிடும். பிழைக்கு இத்துணை உடனடியான தண்டனை வகுப்பறையிற்கூட இல்லை.

பிழையைக் கண்டால் சிவப்பு மையால் சுழிப்பது ஆசிரியத் தொழிலின் பழக்கம். அப்பழக்கத்தை நான் களத்துக்கும் கொண்டு சென்றேன். ஒரு கொப்பி வைத்து, எவள் எத்தனை பந்தைத் தவறவிட்டாள் என்று பெயர்வாரியாகக் குறித்தேன். 1964ஆம் ஆண்டில் தோக்கியோ ஒலிம்பிக்கில் கரப்பந்தாட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது தங்கப்பதக்கம் வென்ற யப்பானியப் பெண்கள் அணியைப் பற்றி மாணவியருக்கு அடிக்கடி கூறினேன். அவர்களுட் பெரும்பாலோர் ஒரு நெசவாலையைச் சேர்ந்தவர்கள். பகலில் வேலை முடித்து இரவு நெடுநேரம் பயிற்சி பெற்றவர்கள். அவர்களைப் பழக்கிய தைமற்சு ஹிரோபுமி கடுமைக்குப் பேர்போனவர். அக்கடுமையே வெற்றியின் வேர் என்று நான் நம்பினேன்.

மே மாதத்தில் அயற்பாடசாலை ஒன்றுடன் சிநேகபூர்வ ஆட்டம் நடைபெற்றது. சுற்றுக்கு ஒன்றாக இரு அணியும் வென்று, மூன்றாஞ் சுற்றில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று என்று நின்றன. பணிக்கும் முறை எங்கள் அணியில் மிகவும் அமைதியான மாணவி ஒருத்திக்கு வந்தது. அவள் அடித்த பந்து வலையில் மோதி வீழ்ந்தது. நான் வாங்கிலிருந்து எழுந்து, அவள் பெயரைச் சொல்லி, களம் முழுவதும் கேட்கக் கத்தினேன். அடுத்த பந்து நேரே அவளிடம் வந்தது. கைகளை நீட்டினாலே போதும். அவள் அசையாமல் நின்றாள். தோற்றோம். பதினான்காவது புள்ளியை எதிரணிக்குக் கொடுத்தவள் அவள். பதினைந்தாவதைக் கொடுத்தவன் நான். அன்று எனக்கு அது விளங்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் அவள் பயிற்சிக்கு வரவில்லை. நான்காம் நாள் அவள் வீட்டுக்குச் சென்றேன். "வாருங்கோ சேர், இருங்கோ" என்று தாயார் கதிரையைத் துடைத்து வைத்தார். பிள்ளை கதவோரத்தில் நின்றாள். நெடுநேரம் பேசவில்லை. பின்னர் தலை குனிந்தபடியே சொன்னாள்: "சேர், பந்து வலையில் பட்டவுடனே அவர்கள் ஐந்து பேரும் வந்து என் கையைத் தொட்டார்கள். நான் சரியாகிவிட்டேன். பிறகுதான் உங்கள் குரல் கேட்டது."

நேயர்களே, கரப்பந்தாட்டத்தைப் பார்த்தவர்கள் இதனைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னரும், வென்றாலும் தோற்றாலும், அறுவரும் களத்தின் நடுவே கூடிக் கைதொட்டுப் பிரிவர். எந்த விதிப்புத்தகமும் அதனைக் கட்டாயமாக்கவில்லை. அதனை வெறும் சடங்கு என்று நான் நினைத்திருந்தேன். பிழைக்கும் அடுத்த பந்துக்கும் இடையே கிடைப்பன சில விநாடிகளே. அதற்குள் ஒருத்தியை மீட்டெடுக்கும் வித்தையை அப்பிள்ளைகள் அறிந்திருந்தனர். முப்பது ஆண்டு கற்பித்த நான் அறியவில்லை. "பிழை என்னுடையது, பிள்ளை" என்று அவள் தாயாரின் முன்னிலையிலேயே சொன்னேன். அப்படிச் சொல்வது எனக்கு எளிதாக இருக்கவில்லை. மறுநாட் காலை அவள் களத்துக்கு வந்தாள்.

அதன்பின் யப்பானியரின் கதையை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். அவ்வணிக்குப் புகழ் தந்த வித்தைகளுள் ஒன்று, பந்துக்காகப் பாய்ந்து வீழ்ந்து, வீழ்ந்த வேகத்திலேயே உருண்டு எழுந்து நிற்பது. அவர்கள் இரவிரவாகப் பழகியவற்றுள், வீழ்ந்தபின் எழுவதும் ஒன்று. நான் அவர்களுடைய கடுமையை மாத்திரம் எடுத்துக்கொண்டு, எழுதலை விட்டுவிட்டேன்.

கொப்பியை எறிந்துவிடவில்லை, அதில் எழுதுவதை மாற்றினேன். எவள் தவறவிட்டாள் என்பதற்குப் பதிலாக, ஒருத்தி தவறவிட்ட பந்தை எவள் ஓடிச்சென்று காப்பாற்றினாள் என்று குறித்தேன். அவ்வாறு எழுதத் தொடங்கியதும், அதுகாறும் என் கண்ணிற்படாத இரு மாணவியரின் பெயர்கள் பக்கந்தோறும் வரலாயின.

இது வெற்றிக்கதை அன்று. வலயப் போட்டியின் அரையிறுதியில் மூன்றாஞ் சுற்றைப் பதினைந்துக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் இழந்தோம். அச்சுற்றிலும் அதே மாணவி பணித்த பந்து ஒருமுறை வலையில் மோதிற்று. நான் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு வாளாவிருந்தேன். ஐவரும் வந்து அவள் கையைத் தொட்டனர். அடுத்த பந்தும் அவளிடமே வந்தது. அவள் முழந்தாள் மடித்து, முன்கைகளைச் சேர்த்து, அதனை மெல்ல உயர்த்திக் கொடுத்தாள். அந்தப் புள்ளி எங்களுடையதாயிற்று.

அவ்வாண்டின் தவணைப் பரீட்சை முடிந்ததும் எங்கள் பாடசாலையில் ஒரு வழக்கத்தை நிறுத்தினேன். வகுப்பின் முன்னிலையில் எல்லாருடைய புள்ளிகளையும் உரத்து வாசிப்பதே அவ்வழக்கம். விடைத்தாளை அவரவர் கையிற் கொடுத்து, அடுத்த பாடம் தொடங்குமுன் குறைந்த புள்ளி பெற்ற பிள்ளையோடு ஆசிரியர் இரண்டு வார்த்தை தனியே பேசவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஆசிரியர் சிலர் இதனால் ஒழுங்கு குலையும் என்றனர். குலையவில்லை.

பிள்ளைகள் பிழைவிடுவர்; அதனை நாம் தடுக்க முடியாது. பிழைக்கும் அடுத்த பந்துக்கும் இடையேயுள்ள அச்சிறு பொழுதில் அவர்கள் காதில் விழுவது எவருடைய குரல் என்பது நம் கையில் இருக்கிறது. பெற்றோரும் ஆசிரியரும் அதனை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, உங்களிடமிருந்து விடைபெறுகிறேன்.