கண் அழுத்த நோய்: சொட்டு மருந்தா, அறுவையா?

மருத்துவமனைக் கடிதங்களைத் தோட்டத்து மக்கள் ஆசிரியர்களாகிய எங்களிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்வது இன்றும் உண்டு. 'கிளௌகோமா' எனும் கண் அழுத்த நோய்க் கடிதமானால் கூடவே ஒரு கேள்வியும் வரும்: "ஒரேயடியாக ஆப்பரேசன் செய்துவிட்டால் மருந்துச் செலவு மிச்சம்தானே?"

கண்புரையை எடுத்தால் பார்வை திரும்புகிறது. அந்த நினைப்பில்தான் இப்படிக் கேட்கிறார்கள். இந்த நோயோ வேறு. கண்ணுக்குள் ஊறும் நீர் வடியாமல் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பை அரிக்கிறது. அரித்தது அரித்ததுதான், மருந்தாலும் கத்தியாலும் அது மீளாது. எஞ்சியதைக் காப்பதற்கே இரண்டும்.

மருந்தின் செலவு முதலில். அரசு மருத்துவமனையில் மலேசியக் குடிமக்கள் நிபுணரைக் காண 5 வெள்ளிதான். ஆனால், தோட்டத்திலிருந்து கிள்ளான் மருத்துவமனைக்கு வர ஒரு நாள் சம்பளம் போகிறதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? அதுவும் ஆயுள் முழுவதும். வலியில்லாத நோயாதலால் மருந்தை மறப்பதும் எளிது. 'டிமோலோல்' சொட்டு ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது; இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அறுவையில், மேலிமைக்கு அடியில் நீர் வடிய ஒரு சிறு வழி அமைக்கிறார்கள். 1968இல் இங்கிலாந்தின் கெய்ர்ன்ஸ் விளக்கிய முறை இது. முதல் சில வாரங்கள் அடிக்கடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். வழி தழும்பேறி அடைபடலாம், கிருமி தொற்றலாம், புரை விரைவில் வளரலாம். ஆகவே, ஒருமுறை செய்தால் முடிந்தது என்பது சரியன்று.

நோய் முற்றிய நிலையில் வந்த 453 பேரைப் பிரிட்டனில் ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் வாழ்க்கைத் தரத்தில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடில்லை. அழுத்தம் மட்டும் அறுவை செய்தவர்களுக்கு நன்கு குறைந்திருந்தது. செலவு அந்த இரண்டு ஆண்டில் அறுவைக்கே கூடுதல். ஆயுள் முழுவதற்கும் கணக்கிட்டால் கொடுத்த பணத்துக்குத் தகும் என்று கண்டார்கள்.

இடைவழியும் ஒன்றுண்டு. தொடக்க நிலையில் லேசர் ஒளி பெற்றவர்களில் நான்கில் மூவர் அளவுக்கு மூன்றாண்டுகள் சொட்டு மருந்தே தேவைப்படவில்லை என்று 2019இல் மற்றோர் ஆய்வு காட்டியது. 'லேசர் எனக்குப் பொருந்துமா?' என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எங்கள் எண்ணம் இது: தொடக்கத்திலேயே கண்டவர், மருந்தை நாள் தவறாமல் விடக்கூடியவர் என்றால், அறுவைக்கு அவசரமில்லை. பார்வை பெரிதும் குறுகிய பின் வந்தவரும், கை நடுங்கி மருந்து விட இயலாத தனியாளும் அறுவைக்கு அஞ்சித் தள்ளிப்போடுவது நட்டம். 1951இல் தொடங்கப்பட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தில் தொழில் கற்று நிமிர்ந்து வாழ்வோர் பலர். ஆயினும், ஐம்பது வயதில் பார்வை இழந்தவர் அப்படிப் புதிதாய்த் தொடங்குவது எவ்வளவு கடினம்! அந்தச் செலவு எந்த ரசீதிலும் வராது.

நோய் கண்டவரின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் நாற்பது வயதுக்குள் ஒருமுறை கண் அழுத்தத்தையும் நரம்பையும் சோதித்துக்கொள்வது நல்லது. கண் திடீரெனச் சிவந்து, கடும் வலியும் வாந்தியும் வந்தால் அது வேறு வகை; அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.